வளையம் இருந்த அரை ரூபாய்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் கழுத்து தானாக நிமிர்ந்துவிடும் என்று உடன் வேலை பார்க்கும் டீச்சர்மார் கேலி செய்வார்கள். நிமிரட்டுமே. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இறக்கும்வரை கைநாட்டு வைத்துத்தான் கூலி வாங்கினார். அம்மா இன்றைக்கும் அண்டி ஆபீசுக்குப் போகிறாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அந்த இருவருக்கும் பிறந்து, இயற்பியலில் முதுகலை முடித்து, மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். நானாகப் படித்தேன், நானாக வந்தேன் என்று யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் பழைய பவுடர் டப்பாவில் ஒரு வெள்ளிக்காசு கிடந்தது. திருவிதாங்கூர் அரை ரூபாய். எங்கள் மாவட்டம் அந்த ராஜ்யத்தோடு இருந்த காலத்துக் காசு. ஒரு பக்கம் சங்கு, இன்னொரு பக்கம் எழுத்து. "ஒங்கப்பா தோட்டத்துல குழி வெட்டும்போ கெடச்சது" என்று சின்ன வயதில் அம்மா சொன்னாள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. மண்ணுக்குள்ளிருந்து அப்பாவின் மண்வெட்டியில் 'டிங்' என்று தட்டுப்பட்ட காசு என்று, அந்தச் சத்தத்தையும் சேர்த்து, பள்ளியில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன ஆண்டு பள்ளிக் கண்காட்சியில் பழைய அளவைகள் என்று ஒரு மேசை போட்டேன். நாழி, மரக்கால், வெள்ளிக்கோல், அதோடு இந்தக் காசு. ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து, பக்கத்தில் குறிப்பு எழுதி ஒட்டியிருந்தேன். மாணவி ஒருத்தியின் அப்பா அந்தத் தட்டின் மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை. பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் நாகர்கோவிலில் மொபைல் கடை வைத்திருப்பவர். காசு சேர்க்கிற பழக்கம் உள்ளவர்.

"டீச்சர், இது யாருக்க காசு?"

"எங்க வீட்டுக் காசு."

"இந்த வருசத்துக் காசு கையில கிட்டுதது லேசுப்பட்ட காரியமில்ல. நீங்க என்னன்னா ஊறுகா வச்ச மாதிரி தட்டுல வச்சிருக்கியளே."

அவர்தான் முதன்முதலில் தரச்சான்று பற்றிச் சொன்னார். இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. காசை அனுப்பினால் அசலா போலியா என்று பார்ப்பார்கள். அசல் என்றால், தேய்மானம், கீறல், பளபளப்பு எல்லாம் பார்த்து எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். பிறகு அந்த மதிப்பெண்ணை அச்சடித்து, காசோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, திறக்க முடியாதபடி ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். நல்ல மதிப்பெண் வந்தால் அதன் விலையே வேறு. எவ்வளவு வரும் என்று கேட்டேன். சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பக்கத்து மேசையில் எரிமலை செய்து புகைவிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் கூச்சல் எனக்குக் கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

ஆனால் அனுப்புவதா வேண்டாமா என்பது லேசான முடிவில்லை என்றும் அவரே சொன்னார். கட்டணம் திரும்பாது. போலி என்று வந்தால் போனது போனதுதான். காசில் ஏதாவது கோளாறு இருந்தால் மதிப்பெண்ணே கிடையாது. என்ன கோளாறு என்பதை மட்டும் அச்சடித்து ஒட்டிவிடுவார்கள். அப்புறம் அந்தக் காசைப் பார்க்கிறவன் முதலில் கோளாறைத்தான் வாசிப்பான்.

நான் பயப்படவில்லை. மதிப்பெண் என்றால் எனக்கு எப்போதும் பயமில்லை. ஆய்வகத்துத் தராசில் காசை நிறுத்தேன். வெர்னியர் வைத்து விட்டம் அளந்தேன். இரண்டும் சரியாக வந்தன. ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்து, கைப்பேசித் திரையில் இரு விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன். சங்கின் வரிகள் தெளிவாக இருந்தன. விளிம்பை நான் பார்க்கவில்லை. அறிவியல் படித்தவள் பார்த்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் அனுப்பப்போகிறேன் என்று சொன்னபோது அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"எவ்வளவு தரம்னு தெரியணும்லா."

"அது அங்ஙனயே கெடக்கட்டு மக்கா. அனுப்பாண்டாம்."

"ஏன்?"

"ஏன்னா, வேண்டாம். எல்லாத்துக்கும் ஏன் என்னன்னு கேட்டா நான் என்ன செய்யது? நீதான் எல்லாம் படிச்சவ."

படிக்காதவர்களுக்கு வீட்டுப் பொருள் தபாலில் போவதென்றால் பயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த விடுமுறையில் நாகர்கோவிலுக்குப் போனேன். மொபைல் கடைக்காரர் காசுகளைச் சேர்த்து மொத்தமாக அனுப்புவார். கல்லாவுக்குப் பின்னால், உடைந்த திரைகளைப் பழுது பார்க்கும் விளக்குக்கு அடியில், என் காசைப் பஞ்சுத்துணியில் வைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். சங்கைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துதான் இருந்தது. பிறகு காசை நிமிர்த்தி விளிம்பை மெல்லச் சுற்றினார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"டீச்சர், இத யாராவது ஒடம்புல போட்டிருந்தாவளா?"

"இல்லையே. மண்ணுல கெடச்சது. எங்க அப்பா குழி வெட்டும்போ."

"மண்ணுலயா." அவர் சிரிக்கவில்லை. "மண்ணுக்குள்ள கெடந்த வெள்ளி இப்பிடி இருக்காது டீச்சர். கறுத்து அரிச்சுப் போயிருக்கும். இது ஆளுக்க மேலு பட்டு மினுங்கின காசு. இஞ்ச பாருங்க."

விளிம்பைப் பெரிதாக்கி என் கைப்பேசியிலேயே படம் எடுத்துக் காட்டினார். சங்கின் நுனிக்கு நேர் மேலே, விளிம்பில், அரிசிமணியின் பாதி அளவுக்கு ஒரு சாம்பல் நிறத் திட்டு. அதன் மேல் ஒரே திசையில் மெல்லிய கோடுகள்.

"வளையம் வச்சுப் பத்தவச்சிருக்கு. கயித்துல கோக்க. பொறவு வளையத்த அறுத்து எடுத்துட்டு அரம் வச்சுத் தேச்சிருக்கு. தேச்சவன் நல்ல வேலைக்காரன், எனக்கே ஒடனே தெரியல்ல."

"அப்ப மார்க்?"

"மார்க் வராது. வளையம் நீக்கப்பட்டதுன்னு எழுதி, பெட்டில போட்டு மூடித் தந்திருவாவ. வெறும் தண்டச் செலவு. அனுப்பாதீங்க, வீட்டுல வச்சுக்கிடுங்க. உங்களுக்கு வேணும்னா வெள்ளி வெலைக்கு நானே எடுக்கேன்."

எனக்கு விலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. மண்வெட்டிச் சத்தம் காதில் கேட்டது. நான் சேர்த்த அந்த 'டிங்'. பொய்யை இத்தனை வருடம் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்பதில் காது சூடானது. பேருந்தில் வரும்போது, யார் போட்டிருந்திருப்பார்கள் என்று யோசித்தேன். அம்மா யாரிடமாவது விலைக்கு வாங்கியிருப்பாள், அதைச் சொல்ல வெட்கப்பட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. திருட்டுக் காசோ என்றும் ஒரு நொடி தோன்றியது. அதைத் தாண்டி என் புத்தி போகவில்லை.

அம்மா வேலை முடிந்து வந்து, கையில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். முந்திரி ஓட்டிலிருந்து வரும் அண்டிப்பால் பட்ட விரல்களுக்கு எண்ணெய் போடாவிட்டால் தோல் உரியும். நான் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். பெரிதாக்கிய படத்தில் அந்தச் சாம்பல் திட்டு ஒரு நாணயமளவுக்கு இருந்தது.

"இதுல வளையம் இருந்திருக்கு. மண்ணுல கெடைக்கல்ல. கடைக்காரரு சொல்லிட்டாரு."

அம்மா படத்தைப் பார்த்தாள். எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அவன் கண்டுபிடிச்சிட்டானா" என்றாள்.

மறுப்பாள், சண்டை போடுவாள் என்று தயாராக வந்திருந்தேன்.

"யாருக்க காசு அம்மா இது?"

"இருவத்தெட்டுக்குக் கெட்டினது."

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்து இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கயிறு கட்டுவார்கள். வசதியுள்ளவர்கள் பொன்னிலோ வெள்ளியிலோ அரைஞாண் செய்வார்கள். இல்லாதவர்கள் கறுப்புக் கயிற்றில் ஏதாவது ஒரு வெள்ளித்துண்டைக் கோத்துக் கட்டுவார்கள். எனக்கு உடனே நெஞ்சு இளகியது. என் இடுப்பில் கிடந்த காசு. அதைச் சொல்ல என்ன வெட்கம் இவளுக்கு?

"எனக்குக் கெட்டினதா?"

"ஒனக்கில்ல."

"பின்ன?"

"ஒனக்க அக்காளுக்கு."

"எந்த அக்கா?"

"திற்பரப்புல இருக்காளே."

திற்பரப்பில் இருப்பவள் என் பெரியம்மாவின் மகள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பெரியம்மா மகள் என்றால் அக்காதானே, பேசத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். அருவிக்குப் போகும் பாதையில் கடை வைத்திருக்கிறாள். குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டு, கைலி, சோப்பு, எண்ணெய்ப் பாக்கெட். எட்டாம் வகுப்போடு நின்றவள். அவளைப் பற்றி ஏன் இப்போது பேசுகிறாள் என்று நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரிவதற்கு அவ்வளவு நேரம் ஆனது. அம்மா அதற்குள் எண்ணெய்க் குப்பியை மூடி வைத்துவிட்டாள்.

பிறகு அவள் சொன்னதை, அவள் சொன்ன மாதிரி அடுக்கில்லாமல், விட்டுவிட்டுத்தான் கேட்டேன். பிள்ளை பிறந்ததும் அம்மாவுக்கு மஞ்சள்காமாலை. பால் வற்றிவிட்டது. அப்பா மலை எஸ்டேட்டில், சனிக்கிழமை மட்டும் வருவார். பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை, வீட்டில் பசு இருந்தது. தேறும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிள்ளையைத் தூக்கிப் போனாள். மாதங்கள் போயின. அம்மா தேறினாள்.

"மறுநாளு போய் எடுத்துட்டு வரலாம்னு மாத்துத்துணி மடக்கி வச்சிருந்தேன். அன்னைக்கு மத்தியானம் ஆளு வந்துச்சு. வாழையிலக் கீறுல பொதிஞ்சு, இந்தக் காசு. கயித்தோட."

"எதுக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாமல் என்ன படித்தாய் என்கிற பார்வை அல்ல அது. எனக்கு யாருமே இதைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது போலிருந்தது.

அம்மாவின் வீட்டு வழியில் ஒரு முறை உண்டாம். பிள்ளையைத் தருகிறாயா என்று யாரும் வாயால் கேட்பதில்லை. வளர்க்கிற வீட்டார், பெற்ற வீட்டார் கட்டியதை அவிழ்த்து அனுப்புவார்கள். பிள்ளை இடுப்பில் தங்கள் கயிற்றைக் கட்டுவார்கள். பெற்றவளுக்குச் சம்மதம் இல்லையென்றால், கொண்டுவந்த ஆளிடமே அன்று பொழுது சாய்வதற்குள் காசைத் திருப்பி அனுப்ப வேண்டும். காசு அந்த வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டால் சம்மதம்.

"நீ திருப்பி அனுப்பியிருக்கலாமே அம்மா."

"அனுப்பியிருக்கலாம்."

"அனுப்பல்லியா?"

"வந்த ஆளுக்குச் சோறு போட்டேன். ஒங்கப்பா சனிக்கிழமை வருவாவ, கேட்டுட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன். அவிய இல்லாம நான் எப்பிடி முடிவெடுப்பேன்? அந்த ஆளு கை கழுவிட்டு, முற்றத்துல கொஞ்ச நேரம் நின்னான். நான் ஒண்ணும் சொல்லல்ல. போயிட்டான்." அம்மா விரல்களை முந்தானையில் துடைத்தாள். "காசு தங்கிட்டு."

நான் என்ன கேட்டேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. கத்தினேன் என்று நினைக்கிறேன். ஒரு காசு வீட்டில் கிடந்ததற்கும் பிள்ளையை விட்டதற்கும் என்ன சம்பந்தம், அடுத்த நாள் நேரில் போய்த் தூக்கி வந்திருக்க வேண்டியதுதானே என்று. அம்மா அதை விட்டுவிட்டு வளையம் போன கதைக்குப் போனாள். நான் பிறந்தபோது அப்பா அதே காசை எனக்குக் கட்ட எடுத்தாராம். அம்மா அதைத் தட்டானிடம் கொண்டுபோய் வளையத்தை அறுத்து, அடையாளம் தெரியாமல் தேய்த்துத் தரச் சொல்லியிருக்கிறாள்.

"ஒரு பிள்ளைக்குக் கெட்டினது இன்னொண்ணுக்கு வேண்டாம்னு தோணிச்சு. அனுப்பாண்டாம் மக்கா. அவளுக்குத் தெரியாண்டாம்."

அன்று இரவு நான் வீட்டுக்குள் ஒரு வேலையும் செய்யவில்லை. நானாகப் படித்தேன் என்று சொல்லித் திரிந்த வாயைக் கொண்டு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மாவின் கூலியில் ஒரு பிள்ளைக்குத்தான் சீருடையும் பேருந்துச் செலவும் தேறும். அந்த ஒரு பிள்ளை நான். இதைக் கணக்குப் போட முதுகலை வேண்டாம்.

அனுப்பக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். கோளாறு என்று அச்சடித்து வருகிற எதுவும் இந்த வீட்டுக்கு வேண்டாம். ஆனால் காசை அம்மாவின் டப்பாவில் திரும்பப் போடவும் கை வரவில்லை. சனிக்கிழமை திற்பரப்புக்குப் போனேன். எதையும் சொல்வதற்காக அல்ல. அவள் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். காசு பையில் இருந்தது.

அருவியில் நல்ல கூட்டம். அக்கா ஒரு சுற்றுலாக் குடும்பத்தோடு வாக்குவாதத்தில் இருந்தாள்.

"அண்ணே, இந்தத் துண்டு ஒரு குளிக்குத்தான் தாங்கும்னு நானே சொல்லுதேன். பொறவு வெலையக் கொறைக்கச் சொன்னா எப்பிடி? ஒரு குளி குளிச்சுட்டு ஊரு போய்ச் சேருங்க." அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். என்னைப் பார்த்தாள். "வாங்க டீச்சர். வெள்ளத்துல நனைய வந்தியா, எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தியா?"

எப்போதும் சொல்கிற கேலிதான். எப்போதும் நான் கொஞ்சம் விறைத்துக்கொள்வேன். அன்று அவள் மூக்கையும், துண்டை மடிக்கும் விரல்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் விரல்கள். இத்தனை வருடம் எப்படித் தெரியாமல் இருந்தது?

"என்னட்டி, பேயடிச்ச மாதிரி நிக்க? ஒடம்புக்குச் சொகமில்லியா?"

கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். காசுதான் கையில் வந்தது. கடைக்காரர் போட்டுக் கொடுத்த கண்ணாடிக் காகிதப் பையோடு. மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினாள். எந்த இடம் என்று நான் காட்டவில்லை.

"வளையத்த அறுத்துப்போட்டாளா" என்றாள்.

அருவிச் சத்தம் தலைக்குள் விழுவது போலிருந்தது.

"அக்கா, ஒனக்குத் தெரியுமா?"

"எனக்க கல்யாணத்துக்கு ஜாதகம் எழுத நேரம் கேட்டப்போ அம்மை சொல்லிட்டா. காசு திருப்பி அனுப்பினது, வளையம் இருந்தது, எல்லாம். அதுக்கு முன்னேயே ஊருல பாதிப் பேரு பறஞ்சாச்சு." அம்மை என்று அவள் சொல்வது பெரியம்மாவை.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ஒனக்கு மட்டும் தெரியாது. படிக்கிற பிள்ள, மனசு கலஞ்சு போகும், யாரும் சொல்லாண்டாம்னு சொல்லி வச்சிருந்தினும். நானுந்தான் சொல்லல்ல." ஒருவர் சோப்பு கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். "ஒனக்குப் பரீட்ச முடியட்டுன்னு பாத்தேன். ஒனக்கு முடியவே இல்லியே, ஒண்ணு மாத்தி ஒண்ணு எழுதிட்டே இருந்தா."

இதைக் கேலியாகத்தான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. என்னைச் சுற்றி ஒரு ஊரே வாயைப் பொத்திக்கொண்டு, நான் படித்து முடிக்கக் காத்திருந்திருக்கிறது. நான் மேடையில் ஏறி, தனியாக வந்தேன் என்று பேசியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அவளும் இருந்திருக்கிறாள்.

"இத எதுக்குக் கொண்டு நடக்க? விக்கவா?"

தரச்சான்று பற்றிச் சொன்னேன். எழுபதுக்கு மதிப்பெண், பிளாஸ்டிக் பெட்டி, கடைக்காரர் விளிம்பில் கண்டது. மதிப்பெண் வராது என்பதால் அனுப்பப் போவதில்லை என்றும் சொன்னேன்.

"மார்க் இல்லேன்னா பின்ன என்ன எழுதுவினும்?"

"வளையம் நீக்கப்பட்டதுன்னு."

மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "எழுத்துலயா?"

"அச்சடிச்சு. காசோட சேர்த்து வச்சு ஒட்டிருவாங்க. பொறவு திறக்க முடியாது."

"அனுப்பு."

"அக்கா, அது கோளாறுன்னு எழுதுறது. காசுக்குக் கெடுதி."

"கோளாறுன்னே எழுதட்டு."

"அம்மாவுக்கு இஷ்டமில்ல."

"சித்திக்கு என்ன இஷ்டம்னு அன்னைக்கு யாரு கேட்டினும், இன்னைக்குக் கேக்க?" குரல் உயரவில்லை. என் அம்மாவை அவள் எப்போதும் கூப்பிடுவது போலச் சித்தி என்றுதான் சொன்னாள். "எல்லாம் வாய்ச்சொல்லு பிள்ளே. அம்மை ஒரு மாதிரி சொன்னா. மாமியாரு ஒரு மாதிரி சொன்னா. ரேஷன் கார்டுல ஒரு பேரு. இந்தக் காசு எனக்க இடுப்புல கெடந்துச்சுன்னு ஒரு எடத்துலயும் ஒரு எழுத்து கெடையாது. நம்மள ஆருன்னு தெரியாத ஒருத்தன், காச மட்டும் பாத்து, இதுல வளையம் இருந்துச்சுன்னு எழுதித் தாறான்னா, எனக்கு அது வேணும். செலவு நான் தாறேன்."

"செலவு நான் பாத்துக்கிடுதேன்."

"பாத்துக்கிடு. சம்பளக்காரிதானே."

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒன்றுதான் ஓடியது. காசுக்குக் கிடைக்கக்கூடிய மிக மோசமான சான்றிதழ் அது. அதைத்தான் அவள் கேட்டாள்.

அடுத்த நாள் காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அக்காவுக்குத் தெரியும் என்று முதலில். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பத்துல இருந்து?"

"கல்யாணத்துக்கு முன்னேயே."

முறம் அசையவில்லை. "அதுக்குப் பொறவும் ஓணத்துக்கு வந்தாளே" என்றாள். "எனக்குச் சேல எடுத்துட்டு வந்தாளே. ஆஸ்பத்திரில கெடந்தப்போ கஞ்சி வச்சுக் கொண்டு வந்தாளே. தெரிஞ்சுட்டேதான் வந்தாளா?" என்னிடம் கேட்டாளா, தனக்குள் கேட்டாளா தெரியவில்லை. ஒவ்வொரு வருகையாக எடுத்து மறுபடி பார்க்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. அவள் முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக இருந்தது.

அக்கா அனுப்பச் சொன்னதையும், அதில் என்ன எழுதி வரும் என்பதையும் சொன்னேன். அம்மா அரிசியைப் பானையில் போட்டுவிட்டு வந்து, "காசு எங்க?" என்று கேட்டாள். கொடுத்தேன். உறைக்குள்ளிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் கையில் திணித்தாள்.

"இஞ்ச வச்சுட்டு இருக்காத. இன்னைக்கே கொண்டு போ."

அக்காவுக்குப் போன் செய்தேன். சரக்கு எடுக்க நாகர்கோவில் வரத்தான் கிளம்பிக்கொண்டிருந்தாள். சரக்கை எடுத்துக்கொண்டு மொபைல் கடைக்கு வந்துவிட்டாள், தோளில் ஒரு நிறைந்த சாக்குப் பையோடு.

கடைக்காரர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "டீச்சர், தெரிஞ்சுட்டே அனுப்புதியளா? மார்க் வராதுன்னு சொன்னேனே."

அக்கா முன்னால் வந்து கல்லாவில் கையூன்றினாள். "அதுல வளையம் இருந்துச்சுன்னு எழுதுவினுமா?"

"எடுத்தாச்சுன்னு எழுதுவாவ."

"அப்ப முன்ன இருந்திருக்குன்னுதானே?"

"இருந்ததத்தானே எடுக்க முடியும்?"

"அது போதும்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. காசு சேர்க்கிறவர்களில் பைத்தியக்காரர்களைப் பார்த்துப் பழகியவர் என்பதால் மேலே கேட்கவில்லை. யார் பெயரில் அனுப்ப வேண்டும் என்று கேட்டார். அக்கா பெயரைச் சொன்னேன். அவள் குறுக்கிட்டாள். "வேண்டாம், இவ பேருல போடும். எனக்க பேருல போட்டா கடைக்குக் கொண்டு வருவான். அங்ஙன முழுக்க ஈரம்."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தன. அவளுடைய சாக்குப் பையின் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை.

"அது இங்கிலீஷ்லதானே இருக்கும்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"சித்திக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், அதுவும் இங்கிலீஷ் ஓடாது. வந்த ஒடனே என்னைக் கூப்பிடு. எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு, நீ வாசி. தமிழ்ல, சத்தமா."

"நானா?"

"பின்ன ஆரு? நம்ம வீட்டுல படிச்சது நீதானே."

அதை அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அப்படித் தூக்கிவாரிப்போட்டது. திற்பரப்புப் பேருந்து வந்தது. சாக்குப் பையை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

பார்சல் இன்னும் வரவில்லை. வகுப்புக்குப் போகும் வழியில் அந்தச் சொற்களைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். எத்தனையோ கூட்டத்தில் நடுங்காமல் பேசியிருக்கிறேன். இந்தச் சின்ன வரியை, அந்த இருவர் முன்னால் உட்கார்ந்து, முழுதாக வாசித்து முடிப்பேன் என்று எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.